பேஸ்ட் நிரப்பின் வலிமை: கணினி மாதிரி சொல்லும் எண்ணை நம்பி சிமெண்ட் அளவைக் குறைக்கலாமா?

#1 – நிலவறை

வணக்கம். சுரங்கப் பொறியியல் எம்.டெக். இறுதிப் பருவத்தில் இருக்கிறேன். சிமெண்ட் கலந்த பேஸ்ட் நிரப்பின் அமுக்க வலிமையை இயந்திரக் கற்றல் மூலம் முன்கணிப்பதுதான் ஆய்வு.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சில வரிகள். தாதுவை வெட்டி எடுத்த பிறகு நிலத்தடியில் பெரிய வெற்றிடம் மிஞ்சும். அதை ஸ்டோப் என்பார்கள். ஆலையில் உலோகத்தைப் பிரித்தபின் எஞ்சும் பொடிமண் டெய்லிங்ஸ். அந்தப் பொடியைத் தண்ணீரும் கொஞ்சம் சிமெண்டும் சேர்த்துக் குழைத்து, குழாய் வழியே இறக்கி ஸ்டோப்பை அடைக்கிறார்கள். இறுகிய பிறகு பக்கத்தில் விட்டுவைத்த தாதுத் தூணையும் எடுக்கலாம். அப்போது நிரப்பின் ஒரு முகம் முழுவதும் திறந்து நிற்கும். அது சரியக் கூடாது. செலவில் பெரும் பங்கு சிமெண்டுக்கே போகிறது என்பதால் அதை அரை சதவீதம் குறைத்தாலும் நிர்வாகம் மகிழ்கிறது.

என்னிடம் மூன்று வகை டெய்லிங்ஸ், இரண்டு வகைச் சிமெண்ட், எடையில் 3 முதல் 8 சதவீதம் வரை சிமெண்ட், 70 முதல் 80 சதவீதம் வரை திடப்பொருள், 3 நாள் முதல் 90 நாள் வரை பதப்படுத்திய சிலிண்டர் மாதிரிகள், என சில நூறு வரிகள் கொண்ட தரவு இருக்கிறது. நரம்பு வலைப்பின்னல் (ஒரு வகை இயந்திரக் கற்றல்) மாதிரி சோதனைத் தரவில் ஆர்-ஸ்கொயர் (கணிப்பு அளவீட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.97 தருகிறது. 40 மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளம் கொண்ட ஒரு ஸ்டோப்புக்கு எத்தனை சதவீதம் சிமெண்ட் போதும் என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா என்று வழிகாட்டிப் பேராசிரியர் கேட்கிறார். முடியும் என்றே நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் கருத்துச் சொன்னால் நன்று.

#2 – ஸ்டோப்காரன்

தம்பி, 0.97 என்றதும் எனக்கு வயிறு கலங்குகிறது. தரவை எப்படிப் பிரித்தாய்? எல்லா வரிகளையும் கலக்கி, ஐந்தில் ஒரு பங்கைக் கண்ணை மூடி எடுத்துச் சோதனைக்கு வைத்தாயா?

#3 – நிலவறை

ஆமாம் ஐயா. 80-20 பிரிப்பு. எல்லாக் கட்டுரைகளிலும் அப்படித்தானே செய்கிறார்கள்?

#4 – ஸ்டோப்காரன்

பல கட்டுரைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். அதனாலேயே அது சரியாகிவிடாது. ஒரே கலவையில் வார்த்த சிலிண்டர்களை 7, 28, 56 நாள்களில் உடைத்திருப்பாய். 7-ம் 56-ம் பயிற்சித் தரவில், 28 மட்டும் சோதனைத் தரவில் விழுந்தால், உன் மாதிரி இரு புள்ளிகளுக்கு நடுவில் கோடு இழுக்கிறது, அவ்வளவே. கலவை முழுவதையும், அதாவது அதன் எல்லா வயது மாதிரிகளையும், ஒன்றாக ஒதுக்கி வைத்துச் சோதி. அதன் பிறகு ஒரு டெய்லிங்ஸ் வகையை முழுதாக விலக்கிவிட்டுச் சோதி. வரிகள் சில நூறு இருந்தாலும் கனிமச் சேர்க்கை என்ற விஷயத்தில் உன்னிடம் மூன்றே புள்ளிகள்தாம் இருக்கின்றன.

இன்னொன்று. உன் தரவில் வலிமை 3 மெகா பாஸ்கல் (1000 கிலோ பாஸ்கல் ஒரு மெகா பாஸ்கல்) உள்ள சிலிண்டரும் இருக்கும், 0.3 உள்ளதும் இருக்கும். ஆர்-ஸ்கொயரைத் தூக்கி நிறுத்துவது பெரிய எண்கள். ஸ்டோப்பைத் தீர்மானிப்பது சிறிய எண்கள். சராசரிப் பிழை 0.15 மெகா பாஸ்கல் என்றால் 3-க்கு அது தூசு. 0.4-க்கு அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வலிமையின் மடக்கையை எடுத்துப் பயிற்றிப் பார்.

வலைப்பின்னலுக்கு முன் எளிய அடிக்கோடு ஒன்றும் போட்டாயா? தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதத்தை மட்டும் வைத்து ஓர் அடுக்குச் சார்பு வரைந்தாலே நிறைய தூரம் போகலாம். கான்கிரீட்காரர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள்: கட்டடத்தில் அந்த விகிதம் 0.5-ஐ ஒட்டி இருக்கும். 76 சதவீதம் திடப்பொருளும் அதில் 4 சதவீதம் சிமெண்டும் உள்ள பேஸ்ட்டில் அது ஏறத்தாழ 8. எனவே கான்கிரீட் அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டு வராதே.

#5 – சிமெண்ட்மணி

ஸ்டோப்காரன் சொன்ன 8-ஐக் கணக்கிட்டுப் பார்த்தேன், சரிதான். இத்தனை தண்ணீரில் சிமெண்ட் எப்படி இறுகுகிறது என்று என் ஆலையில் கேட்பவர்கள் உண்டு. துகள்களின் தொடும் இடங்களில் மட்டும் பசை பிடித்தால் போதும் என்பதுதான் பதில். 20 மைக்ரானுக்குக் குறைந்த நுண்துகள் எடையில் குறைந்தது 15 சதவீதமாவது இருந்தால்தான் பேஸ்ட் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு குழாயில் படியாமல் ஓடும். அந்த நுண்துகள்களே அமைப்பை நுண்ணியதாக்கி வலிமையைக் கீழே இழுப்பதும் உண்டு. உங்கள் தரவில் துகளளவு வளைவு இருக்கிறதா, அல்லது டெய்லிங்ஸ் 1, 2, 3 என்ற பெயர் மட்டும்தானா?

#6 – நிலவறை

பெயர் மட்டும்தான். துகளளவு அறிக்கை ஆய்வகத்தில் கிடைக்கும், சேர்க்கிறேன். ஐயா கேட்டதில் ஒரு சந்தேகம்: ஸ்டோப்பைத் தீர்மானிப்பது சிறிய எண்கள் என்றீர்கள். எவ்வளவு சிறியது?

#7 – ஸ்டோப்காரன்

இதை நீ முதலில் கேட்டிருக்க வேண்டும். 40 மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளம் என்றாய் அல்லவா? கையால் போடலாம்.

1982-இல் கனடாவின் கிங்ஸ்டனில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிட்செலும் சகாக்களும் சிமெண்ட் கலந்த டெய்லிங்ஸைப் பெட்டிகளில் வார்த்து, ஒரு பக்கத்தைத் திறந்து, எப்போது சரிகிறது என்று பார்த்தார்கள். அதிலிருந்து வந்த சூத்திரத்தைச் சுருக்கினால் இதுதான்: தேவையான வலிமை = எடையடர்த்தி × உயரம் ÷ (1 + உயரம்/நீளம்). எடையடர்த்தியைக் கனமீட்டருக்கு 20 கிலோ நியூட்டன் என்று கொள். 20 × 40 = 800. அதை 1 + 2 = 3-ஆல் வகுத்தால் சுமார் 267 கிலோ பாஸ்கல். பாதுகாப்புக் காரணி 1.5 வைத்தால் 400. மெகா பாஸ்கலில் 0.4.

பக்கச் சுவர்கள் பிடிக்கவில்லை என்று கொண்டால் அதே முகத்துக்கு 800 தேவை. ஆகவே உன் சிமெண்ட் சதவீதத்தின் தலைவிதி, சிலிண்டரை எவ்வளவு துல்லியமாக முன்கணிக்கிறாய் என்பதைவிட, பாறைச் சுவர் நிரப்பைப் பிடித்துக்கொள்ளும் என்று எவ்வளவு நம்புகிறாய் என்பதில் இருக்கிறது. உன் வலைப்பின்னலுக்கு அந்தச் சுவரைப் பற்றி எதுவுமே தெரியாது.

#8 – மெஷ்வலை

மிட்செல் சூத்திரத்தை இவ்வளவு சுருக்கமாகக் கொடுத்தால் மாணவர்கள் அதையே வேதமாக்கிவிடுவார்கள், ஸ்டோப்காரன். அதன் உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். உராய்வுக் கோணம் (துகள்களின் உராய்வைக் குறிக்கும் அளவு) பூஜ்யம், பக்கச் சுவரில் ஒட்டுதல் நிரப்பின் ஒட்டுறவுக்கு (துகள்கள் தம்முள் ஒட்டிநிற்கும் வலிமைக்கு) சமம், பின்சுவர் சிறிதும் பிடிக்கவில்லை, சரிவுத் தளம் நேராக அடியில் 45 பாகையில் வெட்டுகிறது என்ற நான்கு அனுமானங்கள். பேஸ்ட்டின் உராய்வுக் கோணம் பூஜ்யம் இல்லை. சுவர் சில இடங்களில் வெடிமருந்து கிழித்த கரடுமுரடு, சில இடங்களில் வழுவழுப்பான களிமண் பூச்சு. 2012-இல் மான்ட்ரியாலின் லீ, ஓபர்டின் இருவரும் இந்தத் தீர்வைத் திருத்தி வெளியிட்டதற்குக் காரணமே இவைதாம்.

நான் எண்ணியல் மாதிரி செய்பவள். ஃபிளாக் 3டி போன்ற மென்பொருளில் ஸ்டோப்பை உருவாக்கி, பாறையைத் தோண்டி, அடுக்கடுக்காக நிரப்பை வார்த்து, பக்கத்துத் தூணை எடுத்து, முகம் எப்படி அசைகிறது என்று பார்ப்பேன். அதில் சிலிண்டரை நசுக்கி அளக்கும் ஒருமுக அமுக்க வலிமை நேரடி உள்ளீடு அல்ல. ஒட்டுறவும் உராய்வுக் கோணமும் தனித்தனியாக வேண்டும். இழுவிசை வலிமை வேண்டும். பாறைக்கும் நிரப்புக்கும் இடையிலான இடைமுகத்தின் பண்புகள் வேண்டும். ஒரே அமுக்க வலிமையை அதிக ஒட்டுறவு, குறைந்த உராய்வு என்றும் பிரிக்கலாம், நேர்மாறாகவும் பிரிக்கலாம். இரண்டுக்கும் முகம் வேறு மாதிரி உடையும். நிலவறை, இவ்விரண்டையும் பிரித்து அளக்கும் நேரடி வெட்டுச் சோதனையோ மூவச்சுச் சோதனையோ கொஞ்சமேனும் செய்ய வாய்ப்பு இருந்தால் செய்துவிடுங்கள். இன்னும் நூறு சிலிண்டர் உடைப்பதைவிட அது மேல்.

பக்கச் சுவர் எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்பதற்கு ஒரு கணக்கு. 1895-இல் யான்சன் என்ற ஜெர்மானியப் பொறியாளர் தானியக் குதிர்களை ஆராய்ந்தார். குதிரின் அடியில் அழுத்தம் நெல்லின் உயரத்துக்கு ஏற்பக் கூடிக்கொண்டே போவதில்லை, ஓர் அளவோடு நின்றுவிடும், ஏனென்றால் மீதியைச் சுவரின் உராய்வு தாங்குகிறது. ஸ்டோப்பும் அதே கணக்குத்தான். 10 மீட்டர் அகலம், சுவர் உராய்வு 30 பாகை, பக்க அழுத்த விகிதம் மூன்றில் ஒன்று என்று கொண்டால், 40 மீட்டர் ஆழத்தில் 800-க்குப் பதிலாகச் சுமார் 410 கிலோ பாஸ்கல் மட்டும் வரும். பாதி எடையைப் பாறை வாங்கிக்கொள்கிறது. இதை வளைவு விளைவு என்கிறோம்.

#9 – கோலார்ப்பேரன்

பொறியாளன் இல்லை, வாசகன் மட்டுமே. என் தாத்தா கோலாரில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். அங்கே கருங்கல் சுவர் அடுக்கி மேல்பாறையைத் தாங்கினார்கள் என்று அவர் சொல்வார். பாறைவெடிப்பு ஏற்படும் நாள்களில் அந்தக் கல்லடுக்கும் நசுங்கிவிடுமாம். இப்போது நகரைச் சுற்றி நிற்கும் சயனைடு மண்மேடுகளைப் பார்க்கும்போதெல்லாம், அந்த மண்ணையே உள்ளே அனுப்பியிருக்கலாமே என்று தோன்றும்.

என் கேள்வி: பேஸ்ட் இறுகும் முன் திரவம்தானே? ஸ்டோப்பின் அடிவாசலை எது அடைத்து நிறுத்துகிறது? அது உடைந்தால்?

#10 – ஸ்டோப்காரன்

இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே முக்கியமான கேள்வி இதுதான், அதை பொறியாளர் அல்லாதவர் கேட்டிருக்கிறார்.

அடிவாசலில் ஒரு தடுப்புச் சுவர் கட்டுவோம். கம்பிவலையும் ஷாட்கிரீட்டும் (பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்), அல்லது கான்கிரீட் கட்டிகள், அல்லது கொட்டிய பாறைக் குவியல். உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் விலை கொடுத்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவின் பிரான்ஸ்விங் தங்கச் சுரங்கத்தில் தடுப்பு உடைந்து, நீரோடு இருந்த மணல் நிரப்பு பாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். அது சிமெண்ட் இல்லாத நீர்வழி நிரப்பு. ஆனால் பாடம் எல்லோருக்கும் பொது: நிரப்பு முதல் சில நாள்களில் எப்படி இருக்கிறது என்பதற்கும் 28-ஆம் நாள் சிலிண்டருக்கும் தொடர்பில்லை.

மெஷ்வலை சொன்ன வளைவு விளைவு அருமையானது. ஆனால் சுவர் உராய்வு வேலை செய்யத் துகள்கள் ஒன்றையொன்று அழுத்த வேண்டும். வார்த்த சில மணி நேரங்களில் எடையை எல்லாம் துளைநீரே (துகள்களின் இடைவெளியில் உள்ள நீரே) தாங்குகிறது, துகள்கள் நீரில் மிதந்த நிலையில்தான் இருக்கின்றன. அந்த நிலையில் சுவர் எதையும் தாங்காது. ஒவ்வொரு மீட்டருக்கும் 20 கிலோ பாஸ்கல் வீதம் முழு அழுத்தமும் தடுப்பின் மேல் ஏறும். மணிக்குக் கால் மீட்டர் ஏற்றினால் ஒரு நாளைக்கு 6 மீட்டர், அதாவது 120 கிலோ பாஸ்கல். அதனால்தான் முதலில் வாசலுக்கு மேல் சில மீட்டர் மட்டும் வார்த்து, அதிகச் சிமெண்டோடு அடைப்பாக இறுகவிட்டு, பிறகு மீதியை வார்க்கிறோம்.

கோலார் மண்மேட்டைப் பற்றி: எல்லாவற்றையும் உள்ளே அனுப்ப முடியாது. பாறையைப் பொடியாக்கினால் பருமன் பெருகிவிடும். பேஸ்ட்டாக ஏறக்குறைய பாதிதான் திரும்ப உள்ளே போகும். தவிர, பேஸ்ட் முறை ஜெர்மனியின் பாட் கிருண்ட் சுரங்கத்தில் 1970-களின் இறுதியில்தான் தொடங்கியது.

#11 – மெஷ்வலை

துளைநீர் விஷயத்தில் முழு உடன்பாடு. ஒன்று சேர்க்கிறேன். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஹெலின்ஸ்கி, ஃபாஹி, ஃபூரி மூவரும் 2007-இல் காட்டியது: சிமெண்ட் நீரேறும்போது தண்ணீரைக் குடித்துவிடுகிறது. உருவாகும் பொருளின் பருமன், செலவான சிமெண்டும் நீரும் சேர்ந்த பருமனைவிடக் குறைவு. எனவே நீர் வடிந்து போகாவிட்டாலும் துளைநீரழுத்தம் தானாகவே இறங்கும், துகள்களுக்கு இடையே அழுத்தம் பிறக்கும். இதைச் சுய உலர்வு என்கிறார்கள். எவ்வளவு இறங்கும் என்பது நிரப்பின் விறைப்பைப் பொறுத்தது. அதிகச் சிமெண்ட் போட்டால் விறைப்பும் விரைவில் வரும், நீரும் விரைவில் குடிக்கப்படும், தடுப்பின் சுமை தளரும். அதாவது 3 சதவீதமா 5 சதவீதமா என்ற முடிவு இறுதி வலிமையை மட்டுமல்ல, எவ்வளவு வேகமாக வார்க்கலாம் என்பதையும் தீர்மானிக்கிறது. இயந்திரக் கற்றல் மாதிரிகள் பெரும்பாலும் இந்த நேரத்தைத் தவறவிடுகின்றன.

துருக்கியின் சாயெலி சுரங்கத்தில் டொராண்டோ பல்கலைக்கழகக் குழு ஸ்டோப்புக்குள் அழுத்தக் கலங்களைப் புதைத்து அளந்தது. எல்லாத் திசையிலும் ஒரே அழுத்தம், அது துளைநீரழுத்தத்துக்குச் சமம் என்று தொடங்கி, பின்னர் சிமெண்ட் வேலை செய்யத் தொடங்கியதும் திசைக்குத் திசை பிரிவதைக் கண்டார்கள். நீரழுத்தம், நீரேற்றம், விறைப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் இணைமாதிரி செய்யும்போது நான் முதலில் சரிபார்ப்பது அந்தப் பிரியும் நேரத்தைத்தான். கடைசி எண் பொருந்துவது பிறகு.

#12 – சிமெண்ட்மணி

வெப்பத்தையும் மறக்க வேண்டாம். சிலிண்டர் ஆய்வகத்தில் 20 அல்லது 25 பாகையில் இருக்கும். ஸ்டோப்பில் ஆயிரக்கணக்கான கனமீட்டர் ஒன்றாக இருப்பதால் நீரேற்றச் சூடு உள்ளேயே தங்கும். ஆழச் சுரங்கத்தில் பாறையே சூடு, வடகனடாவின் உறைநிலத்தில் எதிர்மாறு. 28 நாள் என்ற நாட்காட்டி வயதுக்குப் பதிலாக வெப்பநிலையைச் சேர்த்த சமவயதை உள்ளீடாகக் கொடுத்தால் மாதிரி வேறு சுரங்கத்திலும் உயிரோடு இருக்கும்.

அதைவிடக் கொடியது சல்பேட். உங்கள் மூன்று டெய்லிங்ஸில் பைரைட் (இரும்புச் சல்பைடு கனிமம்) எவ்வளவு? சல்பைடு அதிகமுள்ள பேஸ்ட்டில் வலிமை 28 நாள், 56 நாள் வரை அழகாக ஏறிவிட்டு 90-க்குப் பிறகு இறங்கத் தொடங்குவது உண்டு. சல்பேட்டால் உருவாகும் எட்ரிங்கைட், ஜிப்சம் என்ற படிகங்கள் முதலில் துளைகளை அடைத்து உதவும், பின்பு பெருத்து விரிசலாக்கும். கியூபெக்கின் அபிடிபி பகுதியில் பென்சாசுவா குழு இதை விரிவாக ஆய்ந்திருக்கிறது. கசடு கலந்த சிமெண்ட் இதற்கு ஓரளவு தாங்கும். பக்கத்துத் தூணை ஒரு வருடம் கழித்து எடுக்கப் போகிறீர்கள் என்றால் 90 நாளோடு முடியும் தரவில் இந்தச் சரிவே இருக்காது. இல்லாததை எந்தக் கற்றலும் கற்காது.

#13 – நிலவறை

மிக்க நன்றி. கலவை வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டினேன். 0.97 இல்லை, நன்றாகவே இறங்கிவிட்டது. ஒரு டெய்லிங்ஸை முழுதாக விலக்கினால் அதற்கான கணிப்பு முறைப்படி ஒரே பக்கமாகச் சாய்கிறது, எல்லாவற்றையும் அதிகமாகச் சொல்கிறது. விலக்கப்பட்டதில்தான் பைரைட் அதிகம் என்று ஆய்வக அறிக்கை சொல்கிறது. தண்ணீர்-சிமெண்ட் விகிதத்தை மட்டும் வைத்த சூத்திரம் வலைப்பின்னலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அப்படியானால் இயந்திரக் கற்றலைக் கைவிட்டு மெஷ்வலை அக்கா சொல்வதுபோல் எண்ணியல் மாதிரிக்குப் போக வேண்டுமா?

#14 – ஸ்டோப்காரன்

கைவிட வேண்டாம். வேலையை மாற்று. ஒரே சுரங்கத்தில், ஒரே டெய்லிங்ஸில், ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் எடுக்கும் சிலிண்டர்கள் வந்துகொண்டே இருக்கும் இடத்தில் அது நன்றாக உழைக்கும். அன்றைய துகளளவு சற்று மாறினால் வலிமை எங்கே போகும் என்று முன்கூட்டியே சொல்லும். புதிய சுரங்கத்துக்கு ஜோசியம் சொல்லக் கூடாது.

எண்ணியல் மாதிரி பற்றி மெஷ்வலையோடு எனக்கு எப்போதும் சண்டை உண்டு. வண்ணப் படத்தைக் கண்டால் மேலதிகாரிகள் மயங்கிவிடுகிறார்கள். இடைமுகப் பண்பு என்று கேட்டால் யாரும் அளந்ததில்லை, கட்டுரையிலிருந்து எடுத்தது என்பார்கள். அளக்காத ஆறு எண்களைக் கொடுத்து மூன்று தசம இடத்துக்குப் பதில் வாங்குவதைவிட, அளந்த ஓர் எண்ணும் மிட்செலும் எனக்குப் போதும்.

#15 – மெஷ்வலை

அளக்காத எண்ணைக் கொடுத்தால் அது மாதிரியின் குற்றமா, கொடுத்தவரின் குற்றமா? மிட்செலும் அந்த ஆறு எண்களைக் கேட்கிறது. கேட்காததுபோல் நடிக்கிறது, அவ்வளவுதான். ஒட்டுதல் சமம், உராய்வு பூஜ்யம் என்று அதுவே நிரப்பிக்கொள்கிறது. சாய்ந்த ஸ்டோப், இரண்டு முகம் அடுத்தடுத்துத் திறப்பது, நிரப்புக்கு அடியில் தாதுவை எடுப்பது, பக்கத்தில் வெடி வைப்பது, இவற்றுக்கெல்லாம் உங்கள் சூத்திரத்தை எங்கே பொருத்துவீர்கள்?

#16 – ஸ்டோப்காரன்

நிரப்புக்கு அடியில் மனிதர் வேலை செய்யும் இடத்தில் சூத்திரத்தை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். அங்கே மாதிரி வேண்டும், அதோடு கண்காணிப்பும் வேண்டும். திறந்த முகம், மேலே ஆளில்லை, கீழே தொலைவியக்க லோடர் மட்டும் என்றால் என் கருத்து மாறாது.

#17 – நிலவறை

அப்படியென்றால் ஆய்வின் இறுதி அத்தியாயத்தை இப்படி எழுதலாமா? சிலிண்டர் வலிமையை ஒற்றை எண்ணாகத் தராமல் ஒரு பரவலாகத் தருகிறேன். ஒட்டுறவு, இடைமுக ஒட்டுதல் இரண்டையும் அதேபோல் பரவலாக வைத்து மிட்செல் வழியாகப் பல்லாயிரம் முறை ஓட்டி, முகம் சரிவதற்கான நிகழ்தகவைக் கணிக்கிறேன். சிமெண்ட் சதவீதத்துக்கு எதிராக அதை வரைகிறேன்.

#18 – மெஷ்வலை

நல்லது. இடைமுக ஒட்டுதலை ஒட்டுறவின் பின்னமாக, பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை மாற்றி ஓட்டுங்கள். 0-க்கு 800, 1-க்கு 267 என்ற இரு முனைகளுக்கு நடுவில்தான் உங்கள் சிமெண்ட் செலவு முழுவதும் ஊசலாடுகிறது என்பது அந்த ஒரே படத்தில் தெரிந்துவிடும். ஆய்வக மாதிரிக்கும் ஸ்டோப் துளைமாதிரிக்கும் (இறுகிய நிரப்பைத் துளையிட்டு எடுத்த துண்டு) உள்ள வேறுபாட்டையும் ஒரு காரணியாக வையுங்கள். பல இடங்களில் துளைமாதிரிகள் வலுவாக இருக்கின்றன, ஏனென்றால் சுமையின் கீழ் நீர் வடிந்து இறுகியவை அவை. ஆனால் உடையாமல் வெளியே வந்த துண்டுகளை மட்டும்தான் சோதிக்க முடிந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

#19 – ஸ்டோப்காரன்

இந்தக் கடைசி வரியை அடிக்கோடிட்டுக்கொள் தம்பி. பேராசிரியரிடம் சதவீதம் ஒன்றைச் சொல்லாதே. வளைவைக் கொடு, எந்த நிகழ்தகவு ஏற்கத்தக்கது என்று சுரங்க மேலாளர் கையெழுத்திடட்டும். தடுப்பின் அழுத்தக் கலத் தரவு கிடைக்குமா என்று சுரங்கத்தில் கேட்டுப் பார். பெரும்பாலும் யாரோ ஒருவரின் கணினியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

#20 – நிலவறை

கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பைரைட் அதிகமுள்ள வகையில் எஞ்சியிருக்கும் மாதிரிகளை 90 நாளில் உடைக்காமல் 180-க்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம். முடிவு வந்ததும் இதே இழையில் எழுதுகிறேன்.